ஒரு கிழமை, ஒரு இடம், ஒரு வேலை: தில்லியில் ரிட்டயரான தமிழர்களுக்கு

மத்திய அரசு ஆபீஸ்களில் வழியனுப்பு விழா மாதக் கடைசி நாளில் நடக்கும். சால்வை, சுவர்க் கடிகாரம், சமோசா, குரூப் போட்டோ. அன்று ஒரு நாள் மட்டும் ஆபீஸ் கார் வீட்டு வாசல் வரை வந்து இறக்கிவிடும். நான் 2016 மே கடைசியில் அப்படி வந்து இறங்கினேன். மறுநாள் காலை வழக்கம்போல ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. டிகாக்‌ஷன் இறக்கி, குளித்து, விளக்கேற்றி, சமையலையும் முடித்துவிட்டுப் பார்த்தால் மணி எட்டேகால். சார்ட்டர்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. பால்கனியில் நின்றபடி, முப்பத்தாறு வருஷம் நான் ஏறிய அந்தத் திருப்பத்தில் மற்றவர்கள் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு காலை வந்திருந்தால், இனி வரப்போகிறது என்றால், நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1998-ல் மத்திய அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆக்கியது. அறுபதில் வெளியே வருகிறவருக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கலாம். ‘இனி எதற்காக எழுந்திருப்பது?’ என்ற கேள்வியை அத்தனை வருஷம் மனசிலேயே வைத்துக்கொண்டிருக்க முடியாது. அதை உட்கார்ந்து யோசித்து நான் பதில் கண்டதில்லை. ஒரு கிழமையைக் குறித்து, ஒரு இடத்துக்குப் போய், யாரோ ஒருவர் சொல்லும் வேலையைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் கேள்வி தணிந்தது.

முதல் மூன்று மாதம்: யாருக்கும் சரி சொல்லாதீர்கள்

பென்ஷன் பேப்பர், மத்திய அரசு மருத்துவத் திட்டத்துக்கான சிஜிஎச்எஸ் கார்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்வது, துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ வாங்கிப் போட்ட ஃப்ளாட்டுக்குச் சாமான் மாற்றுவது என்று முதல் மூன்று மாதம் தானாக ஓடிவிடும். தள்ளிப்போட்ட கண் புரை, பல், முழங்கால் எல்லாவற்றையும் இப்போதே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காசி, ராமேஸ்வரம் போக ஆசை இருந்தால் போய்வாருங்கள். திரும்பி வந்ததும் அதே பால்கனிதான் காத்திருக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

இந்த மாதங்களில் உங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள். காலனி சங்கம், சபா, கோயில் கமிட்டி எல்லாவற்றுக்கும் கணக்குத் தெரிந்த, நேரம் இருக்கிற ஆள் வேண்டும். நான் இரண்டாவது மாதமே ஒரு சங்கத்துக்குப் பொருளாளர் ஆனேன். சேவை என்று நினைத்துத்தான் போனேன். இரண்டு கோஷ்டி, நடுவில் ரசீது புத்தகம். இருபது வருஷப் பழக்கமுள்ள ஒரு சிநேகிதி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பிரஷர் மாத்திரை அப்போது ஆரம்பித்ததுதான். அதனால் உங்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் வருஷம் எந்தப் பதவியும் வேண்டாம், எந்தச் செக்கிலும் கையெழுத்து வேண்டாம். பதவி போன வெறுமையை இன்னொரு பதவியால் நிரப்பத்தான் மனசு அடித்துக்கொள்ளும். அதற்கு இடம் கொடுத்தால், உள்ளே கேட்கிற கேள்வியைக் கேட்காமலே போய்விடுவோம்.

காலையில் அரை மணி நேரம்

வெளியே போய்ச் செய்கிற வேலைக்கு வேர் வீட்டில் இருக்க வேண்டும். காலையில் பேப்பருக்கும் போனுக்கும் முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தெரிந்த பாட்டு, தெரிந்த நாமம், இல்லாவிட்டால் சும்மா கண்ணை மூடி உட்கார்ந்தாலும் சரி. புதிதாக எதையும் தேட வேண்டாம். பாட்டி சொல்லிக் கொடுத்தது போதும்.

கூட ஆள் இருந்தால்தான் பழக்கம் நிற்கும் என்பவர்களுக்குத் தில்லியில் குறைவில்லை. இங்கே அரசுப் பணியில் இருந்துகொண்டே ஏ. எஸ். ராகவன் 1958-ல் தொடங்கிய திருப்புகழ் வகுப்புதான் பிறகு பல ஊர்களுக்கும் பரவியது. நம்மைப் போல ஃபைல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆரம்பித்தது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு நெகிழ்ச்சி. பஹாட்கஞ்சில் ராமகிருஷ்ண மிஷன் இருக்கிறது. மெட்ரோ ஸ்டேஷனே அந்த ஆசிரமத்தின் பெயரில்தான். 1897-ல் விவேகானந்தர் மிஷனைத் தொடங்கியபோதே நோயாளிக்கு மருந்து கொடுப்பதையும் பூஜையையும் ஒன்றாகத்தான் வைத்தார். அங்கே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலே மனசு ஒரு நிலைக்கு வரும்.

முதலில் பங்களா சாஹிப் போய் வாருங்கள்

எந்தச் சேவையிலும் சேருவதற்கு முன்னால் நான்கு வாரம் சீக்கியர் கோயிலான பங்களா சாஹிப் குருத்வாராவில் வேலை செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மலை மந்திர் முருகன் கோயில் இருக்க, குருத்வாரா எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மலை மந்திரில் உங்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், “மேடம் வாங்க” என்று நாற்காலி போடுவார்கள். பங்களா சாஹிப்பில் உங்களை யாருக்கும் தெரியாது.

கனாட் பிளேஸிலிருந்து நடந்தே போய்விடலாம். 1664-ல் தில்லியில் அம்மையும் காலராவும் பரவியபோது, சீக்கியர்களின் எட்டாவது குருவான ஹர்கிருஷன், அப்போது ஜெய்சிங் ராஜாவின் பங்களாவாக இருந்த இந்த இடத்தில் தங்கி, கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் கொடுத்து நோயாளிகளைக் கவனித்தார். எட்டு வயதுகூட நிரம்பாத பிள்ளை. அந்த அம்மையிலேயே போய்விட்டார். இன்றும் அங்கே வருகிறவர்கள் குளத்துத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்கிறார்கள்.

செருப்பை ஜோடா கரில் கொடுங்கள். அதை வாங்கி டோக்கன் தருகிறவர் பெரிய கடை முதலாளியாகக்கூட இருப்பார்; அதுவும் அங்கே சேவைதான். தலையை மூடிக்கொள்ளுங்கள், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கர் சமையற்கட்டுக்குள் போய், “சேவா கர்னி ஹை” (சேவை செய்ய வேண்டும்) என்று சொன்னால் போதும். பெயர், ஊர், வேலை எதையும் கேட்க மாட்டார்கள். தரையில் உட்கார முடிந்தால் ரொட்டி இடலாம், பூண்டு உரிக்கலாம். முழங்கால் மடங்காதவர்கள் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டே செய்யலாம்.

முதல் நாள் நான் இட்ட ரொட்டி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் கிழிந்தும் இருந்தது. பக்கத்தில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை. என் ரொட்டியை எடுத்தது, கொஞ்சம் மாவு தூவியது, நான்கு உருட்டு உருட்டி வட்டமாக்கி அடுக்கில் வைத்தது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆபீஸில் என் டிராஃப்டை எத்தனையோ பேர் திருத்தியிருக்கிறார்கள். அவ்வளவு அன்பாக யாரும் திருத்தியதில்லை. அன்றைக்குப் பந்தியில் நானும் உட்கார்ந்தேன். ரொட்டி பரிமாறுகிறவர் வரும்போது இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். அப்படி ஏந்தியபோது அழுகை வந்தது. முப்பத்தாறு வருஷம் எந்தக் கையெழுத்துக்காக இந்தக் கையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேனோ, அந்தக் கை ஒரு ரொட்டிக்காக விரிந்தது.

நம் கோயில்களில் நாயன்மார் வரிசையில் அப்பரைப் பாருங்கள், கையில் உழவாரம் இருக்கும். பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்குகிற கருவி அது. பாடிய நாவுக்கு ஒரு அரசர் என்று பெயர் வாங்கியவர், கையில் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். இது எனக்குப் பங்களா சாஹிப்பில்தான் உறைத்தது. நான்கு வாரம் ஆனதும் மலை மந்திருக்கும் போங்கள். ஆர்.கே. புரம் குன்றின் மேல் ‘யாமிருக்க பயமேன்’ என்று எழுதியிருப்பதைக் கும்பிட்டுவிட்டு, பூத்தொடுக்கவோ, சஷ்டி நாட்களில் வரிசையைப் பார்த்துக்கொள்ளவோ ஆள் வேண்டுமா என்று விசாரியுங்கள்.

உங்கள் வேலையைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் ‘எனக்கு என்ன தெரியும்’ என்ற கேள்விக்கு வர வேண்டும். தில்லியில் வாழ்ந்த தமிழருக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும்: தமிழும் ஹிந்தியும். அதன் மதிப்பு நமக்கே தெரிவதில்லை.

பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் ஒரு நாள் ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மடியில் மஞ்சள் துணிப்பை, அதற்குள் எக்ஸ்ரே கவர். தமிழ் முகம். “ஐயா, எந்த ஊரு?” என்றேன். விழுப்புரம் பக்கம். மனைவிக்கு இதயத்தில் வால்வு கோளாறு. “ஹார்ட்டுன்னுதாம்மா வந்தோம். இப்ப சீட்டக் குடுத்தா ‘கல், கல்’லுன்னு சொல்றாங்க. கல்லு வேற இருக்குதாம்மா?” கவுன்டரில் “கல் ஆனா” என்று சொல்லியிருக்கிறார்கள். “இல்லைங்கய்யா, கல்லுன்னா இவங்க பாஷையில நாளைக்குன்னு அர்த்தம். நாளைக்கு வாங்கன்னு சொல்றாங்க. கல்லெல்லாம் ஒண்ணும் இல்ல.” அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. நான் இங்கே எத்தனை வருஷம் எத்தனை மீட்டிங்கில் ஹிந்தி பேசியிருக்கிறேன். அத்தனையும் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகத்தானோ என்று பட்டது.

இந்த வேலைக்குப் போக முறை உண்டு. வார்டுக்குள் நாமாக நுழையக் கூடாது. எய்ம்ஸ் போன்ற இடங்களில் மெடிக்கல் சோஷியல் சர்வீஸ் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். ஆதார் நகலும், எந்தெந்த மொழி தெரியும், எந்தக் கிழமை வர முடியும் என்று எழுதிய ஒரு தாளும் கொண்டுபோய் அவரைப் பாருங்கள். எய்ம்ஸும் சஃப்தர்ஜங்கும் ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான், ஆனாலும் இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் மொழிபெயர்ப்பு. “பயப்படாதீங்க, சரியாயிடும்” என்று நம் கையிலிருந்து சேர்த்துவிடக் கூடாது. நோயின் பெயரை நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது, மருந்து யோசனை கூடாது, போட்டோ கூடவே கூடாது. பணம் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அந்த ஆபீசர் வழியாகக் கொடுங்கள். இன்னும் ஆழமாகப் போக மனத்திடம் இருப்பவர்களுக்கு கேன்சப்போர்ட் என்ற அமைப்பு இருக்கிறது. குணமாக்க முடியாத நிலையில் இருக்கும் கேன்சர் நோயாளிகளை வீட்டுக்கே போய் இலவசமாகக் கவனிக்கிறார்கள். பயிற்சி எடுத்துக்கொண்டு போக வேண்டிய வேலை இது. சமீபத்தில் வீட்டில் துக்கம் நடந்தவர்கள் ஒரு வருஷமாவது பொறுத்துப் போவது நல்லது.

ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது என்பவர்களுக்குக் காலனியிலேயே வேலை இருக்கிறது. நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறை 2014-ல் வந்தது. 2021 முதல் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். இது தெரியாமல் வாக்கரோடு பேங்க் படியேறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜீவன் பிரமாண் ஆப், ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப் இரண்டையும் உங்கள் போனில் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களின் ஆதார், பிபிஓ எண் (பென்ஷன் ஆர்டர் எண்), பென்ஷன் வரும் அக்கவுன்ட் எண், ஓடிபி வருகிற போன் நான்கும் பக்கத்தில் இருக்கட்டும். ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தால் முகத்தில் வெளிச்சம் விழும், ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் எண்களை எழுதிய தாளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள், நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் அவசரமாக எழுந்து வந்துவிடாதீர்கள். அந்த மாமி அன்று யாரோடும் பேசியிருக்க மாட்டார். காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள்.

படிக்கப் பிடித்தவர்கள் லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் இருக்கும் பிளைண்ட் ரிலீஃப் அசோசியேஷனில் கேட்டுப் பாருங்கள். பார்வை இல்லாத மாணவர்களுக்கு வாசித்துக் காட்டவும் பாடத்தைப் பதிவு செய்யவும் எங்கேயும் ஆள் தேவைப்படும். பரீட்சை எழுதிக் கொடுப்பது வேறு. மாணவர் தானே ஆளைக் கூட்டிவந்தால், எழுதுகிறவரின் படிப்பு மாணவரின் படிப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி உண்டு. எம்.ஏ. முடித்துவிட்டு அதற்குப் போய் நின்று ஏமாற வேண்டாம்.

குழந்தைகளோடு இருக்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. லோதி எஸ்டேட், ஜனக்புரி, மோதி பாக் என்று வீட்டுக்குப் பக்கமாக ஏதாவது ஒன்று அமையும். அங்கே படிக்கிற பல பிள்ளைகளின் அம்மாக்கள் நாலு வீட்டில் வேலை செய்கிறவர்கள். 2025 ஜூனில் ஜங்புராவில் பாராபுலா நாலா ஓரம் இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே இருந்த நம் ஜனங்களில் ஒரு பகுதிக்கு, தில்லியின் வடகோடியில் இருக்கும் நரேலாவில் வீடு கிடைத்தது, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலா எங்கே, ஜங்புரா எங்கே. அந்த அம்மாக்களின் வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஜங்புரா பக்கமே நின்றுவிட்டன. வடக்கு தில்லியில், ரோஹிணியில் இருக்கிற தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், வாரம் ஒரு சாயங்காலம் நரேலா பக்கம் போய் நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் வாசிக்க முடியுமா என்று யோசியுங்கள். டியூஷன் எடுக்க வேண்டாம். கதைப் புத்தகம் போதும். பள்ளிக்குள் என்றால் முதல்வரிடம் எழுத்தில் அனுமதி, வீட்டுப் பக்கம் என்றால் அம்மாக்கள் கண் எதிரில். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம், எந்தப் பருவத்தில்

வாரம் ஒரு கிழமை, இரண்டரை மணி நேரம், ஆறு மாதம். அதற்கு மேல் ஆரம்பத்தில் ஒத்துக்கொள்ளாதீர்கள். உற்சாகத்தில் வாரம் நான்கு நாள் போனவர்கள் தீபாவளிக்கு முன்னால் நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்குத்தான் அது வலி. நவம்பர் முதல் ஜனவரி வரை காலைப் புகைமூட்டத்தில் நம் வயதுக்காரர்கள் வெளியே போகக் கூடாது, பதினொரு மணிக்கு மாற்றிக் கேளுங்கள். மே, ஜூனில் லூ என்கிற அனல்காற்று அடிக்கும்போது சாயங்காலம். மெட்ரோ போகிற இடமாகத் தேர்ந்தெடுத்தால் ஆறு மாதம் தாண்டும்.

போகும் இடத்தில் உங்களைவிட முப்பது வயது சின்னப் பெண் உங்களுக்கு வேலை சொல்வாள். சில நாள் தப்பாகவும் சொல்வாள். முதல் ஆறு மாதம் சொன்னதைச் செய்யுங்கள். யோசனை சொல்ல வேண்டும் என்று நாக்கு துடிக்கும். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் படித்தேன். பாதிக்கு மேல் நானே அடித்துவிட்டேன். மிச்சத்தில் இரண்டை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, அவள் உடனே எடுத்துக்கொண்டாள்.

வீட்டில்

ஆண்களிடம் முதலில். உங்கள் மனைவிக்கு ரிட்டயர்மென்ட் என்று ஒரு நாள் வரவே இல்லை. நீங்கள் ஊருக்கு ரொட்டி இடப் போவதற்கு முன்னால், வீட்டில் காலை டிகாக்‌ஷனையும் ராத்திரிப் பாத்திரத்தையும் உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை சமையலை எடுத்துக்கொண்டார். முதல் மாதம் சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தது. இப்போது பெண்ணே அப்பாவிடம்தான் அளவு கேட்கிறாள்.

பெண்களிடம். நாம் வீட்டோடு வந்ததும் பேரன் பேத்தியும் சமையற்கட்டும் முழுதாக நம் மேல் வந்துவிடும், பிரியத்தோடு வரும், அதனால் மறுக்கவும் முடியாது. ஒரு கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு, எல்லோரும் சாப்பிட உட்காரும்போது சொல்லிவிடுங்கள்: இந்த நாள் நான் வெளியே போவேன், யாருக்காவது ஜுரம் என்றால் தவிர. காரணம் விளக்க வேண்டாம். என் மருமகள் முதலில் முகம் சுருக்கினாள். மூன்றாவது மாதம், நான் இருமலோடு படுத்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, “அம்மா, உங்க ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடவா? யாராவது தேடப் போறாங்க” என்று கேட்டாள்.

முதல் நாளுக்கு

தண்ணீர் பாட்டில், பேனா இரண்டு, படிக்கிற கண்ணாடி, ஒரு சின்ன நோட்டு, மதிய மாத்திரை, தலையை மூட ஒரு துணி, பையில் நான்கு மேரி பிஸ்கட் பாக்கெட். ஆஸ்பத்திரியில் பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பழைய ஆபீஸ் ஐடி கார்டு பர்ஸில் இன்னும் இருந்தால் எடுத்து பீரோவில் வையுங்கள். சீக்கிரமே கிளம்புங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய், அங்கே யார் பெருக்குகிறார்களோ அவர்கள் பெயரை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.